ஒற்றைச் சிறுநீரகமும் நான் சொல்லாத ஜெபக் குறிப்பும்

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். போன ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில், முதுகுவலி என்று புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், அந்த ஒன்றில் கல் இருக்கிறது என்றார். வேறு யாராக இருந்தாலும் முதலில் தன் உயிரை நினைத்துத்தான் பயந்திருப்பார்கள். எனக்கு அண்ணனின் முகம்தான் வந்து நின்றது. இது அவருக்குத் தெரியவே கூடாது என்று நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க," என்றார் டாக்டர். "ரெண்டு கிட்னி இருக்கிறவங்களுக்கு ஒரு பக்கம் அடைச்சிக்கிட்டா இன்னொரு பக்கம் ஓடும். உங்களுக்கு அந்த வசதி இல்ல."

நான் நன்றாகத் தலையாட்டினேன். அடுத்த பள்ளி விடுமுறை வரட்டும், வேனை நிறுத்திவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்று மனத்துக்குள் தள்ளி வைத்தேன்.

சகோதர சகோதரிகளே, என் பெயர் புஷ்பம். இங்கே மலேசியாவில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். புக்கிட் பெருந்துங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் சின்னச் சபையைச் சேர்ந்தவள். எங்கள் குடும்பம் ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்து வந்தது. சபையில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான். பிள்ளைகள் வேனில் சண்டை போட்டால் ஒரு அதட்டல் போடுவேன், எல்லாம் அடங்கிவிடும். ரோட்டில் குறுக்கே வருகிறவனையும் சும்மா விடமாட்டேன். இப்படிப் பட்டென்று பேசுகிற நான், சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஆண்டவர் என்னை எப்படிப் பேச வைத்தார் என்பதுதான் என் சாட்சி.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் டேவிட், சபையில் கித்தார் வாசித்துப் பாடல் நடத்துகிறவர். பல வருடங்களுக்கு முன்பு அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது நடந்து போவார், வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். சபையே அவருக்காக உபவாசம் இருந்தது. பரிசோதனை செய்து பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. கொடுத்தேன். அதில் பெருமை பேச ஒன்றுமில்லை, கூடப் பிறந்தவர் கண் முன்னால் கரைவதைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். அண்ணன் பிழைத்தார், பழையபடி பாடினார்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு ஆண்டும் ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் அண்ணன் எழுந்து நின்று அந்தச் சாட்சியைச் சொல்வார். முடிக்கும்போது "என் தங்கச்சி எழுந்து நிக்கட்டும்" என்பார். நான் எழுந்து நிற்பேன். எல்லாரும் கை தட்டுவார்கள். கோலசிலாங்கூரிலிருந்து வருகிற ஊழியக்காரர்கள்கூட இந்தக் கதையை எடுத்துப் பிரசங்கத்தில் சொல்வார்கள். "கொடுத்தவளுக்கும் ஒரு குறைவில்லை, வாங்கினவனுக்கும் ஒரு குறைவில்லை" என்று அவர்கள் சொல்லும்போது சபை அல்லேலூயா சொல்லும்.

இப்போது கொடுத்தவளுக்குக் குறைவு வந்துவிட்டது.

என் பயத்தை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். எனக்குக் கல் வந்தது தெரிந்தால் அண்ணனின் சாட்சி கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அவர் இனி எந்த முகத்தோடு எழுந்து நிற்பார்? கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆண்டவர் செய்த அற்புதத்தில் என்னால் ஒரு கறை விழக் கூடாது. ஆண்டவருடைய பெயரைக் காப்பாற்றுகிற பொறுப்பு என் தலையில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. அவருக்கு நான் காவல் வேலை பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் இப்படி ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தக் கல்லை யாருக்கும் தெரியாமல் கரைத்துப் போடும். முக்கியமாக அண்ணனுக்குத் தெரியாமல்." குளிக்கும்போது ஜெபித்தேன், வேனில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன் ஜெபித்தேன். என் கணவர் சேகருக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

"மச்சான்கிட்ட சொல்லிடு லா," என்பார் அவர். "அவருக்கு இதெல்லாம் பழக்கம். ஆஸ்பத்திரிக்குக் கூடவே வருவாரு."

"அதான் வேணாங்கிறேன்," என்று நான் அவர் வாயை அடைத்துவிடுவேன்.

சபையில் ஜெபக் குறிப்புக் கேட்கும் நேரம் வரும். நம் ஆட்கள் அந்த நேரத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கடன்காரன் வாசலில் நின்றால் "ஒரு பொருளாதாரத் தேவை". பிள்ளை வீட்டை விட்டு ஓடியிருந்தால் "குடும்பத்தில் சமாதானம்". நானும் எழுந்து "உடல் பலவீனம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர்களும் "சகோதரியின் பலவீனத்தை மாற்றும் ஆண்டவரே" என்று மனம் உருகி ஜெபித்தார்கள். பலவீனம் என்றால் ரத்தம் குறைவு என்று நினைத்த ஒருவர் சத்து டானிக் கொண்டுவந்தார். இன்னொரு சகோதரி ஆட்டுக்கால் சூப் வைத்து டிபன் கேரியரில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். நான் சூப்பைக் குடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வாழைத்தண்டு வாங்கிவந்து சாறு பிழிந்து குடித்தேன்.

உண்மையில் எனக்கு வேண்டியது தண்ணீர். சிறுநீரகம் கொடுத்தபோதே டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள், தண்ணீரை மட்டும் விட்டுவிடாதே, வருடம் ஒருமுறை வந்து காட்டு என்று. முதலில் ஒழுங்காகப் போனேன், பிறகு விட்டுப்போயிற்று. வேன் ஓட்டுகிற பெண்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. விடியற்காலையில் கிளம்பினால் பிள்ளைகளை இறக்கிவிடும்வரை எங்கேயும் நிறுத்த முடியாது. வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கழிப்பறை தேடிப் போக முடியுமா? அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. மதியமும் அதே கதை. சாலையோரம் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது தொண்டை காயும். ஒரு மிட்டாயை வாயில் போட்டுச் சமாளிப்பேன்.

ஒரு நாள் மதியம் பிள்ளைகளை எல்லாம் வீட்டில் விட்டுவிட்டு வந்து வேனை நிறுத்தினேன். இறங்க முடியவில்லை. வலது பக்கம் முதுகில் ஆரம்பித்த வலி அடிவயிறுவரை இறங்கியது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிரசவ வலி தெரிந்தவள் நான். இது அதையும் தூக்கிச் சாப்பிட்டது. பிறகு கழிப்பறைக்குப் போனபோது சிறுநீர் சிவப்பாக வந்தது. இரண்டு நாள் இப்படி வந்து வந்து போனது. அப்புறம் திடீரென்று வலி நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினேன். கல் கரைந்துவிட்டது, யாருக்கும் தெரியாமல் கரைந்துவிட்டது, நான் கேட்டபடியே நடந்துவிட்டது என்று அழுதேன். சபையில் ஒருவருக்கு போன் செய்து "என் பலவீனம் மாறிவிட்டது" என்று சாட்சியும் சொல்லிவிட்டேன்.

கல் கரையவில்லை. அது கீழே நகர்ந்து வந்து சிறுநீர்க் குழாயில் இறுக்கிக்கொண்டது. வழி அடைத்துப்போனது. அடுத்த நாள் சிறுநீர் கொஞ்சமாக வந்தது. அதற்கு மறுநாள் காலையில் வரவே இல்லை. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. லேசாகக் குளிர் காய்ச்சல் அடித்தது. அன்று சனிக்கிழமை. மாலையில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்க வேண்டிய முறை. சேகர் கம்பெனியில் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். கூட்டம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று மீகூன் சேமியாவைக் கிளறி வைத்தேன். நின்று கிளற முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிளறினேன்.

எல்லாரும் வந்தார்கள். பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வந்தார்கள். அண்ணன் கித்தாரோடு வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பாட்டு ஆனது. பாஸ்டர் ஜெபம் செய்ய ஆரம்பித்தார், எல்லாரும் கண்ணை மூடினோம். ஜெபத்தின் நடுவில் யாரோ என் காலைத் தொட்டதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணன்தான். என் கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கண்ணிமை வீங்கியிருந்ததைக் காலையில் நானே கண்ணாடியில் பார்த்திருந்தேன்.

அவர் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். கண்ணால் என்னை வரச் சொன்னார். போனேன்.

"புஷ்பம், எப்ப கடைசியா யூரின் போன?"

"போனேண்ணே."

"எப்பன்னு கேட்டேன்."

அவர் டயாலிசிஸ் நாற்காலியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர். அந்த வீக்கத்தையும் அந்தக் குமட்டலையும் தன் உடம்பிலேயே பார்த்தவர். அவரிடம் எதைப் பூசி மெழுகுவது?

"நேத்து சாயந்தரம்ணே. கொஞ்சமா. இன்னிக்கு இல்ல," என்றேன். பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. கிளினிக், கல், சிவப்புச் சிறுநீர், எல்லாம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஜெபம் முடிந்து எல்லாரும் கண்ணைத் திறந்திருந்தார்கள்.

"பாஸ்டர்," என்றார் அண்ணன், "என் தங்கச்சிக்கு மூத்திரம் நின்னு போச்சி. ஒரே கிட்னி, அதுல கல்லு அடைச்சிருக்கு. மூத்திரம் வரணும்னு ஜெபம் பண்ணுங்க. நாங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறோம்."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல் இருந்தது. ஆண்களும் பெண்களும் வயசுப் பிள்ளைகளும் இருந்த கூட்டம் அது. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தது. பாஸ்டர் என் தலையில் கை வைத்தார். அவர் நன்றாகப் பேசுகிறவர், அடுக்கடுக்காக ஜெபிப்பவர். அன்று ஒரே வரிதான். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு மூத்திரம் வரட்டும்," என்றார். அவ்வளவுதான். எல்லாரும் ஆமென் என்றார்கள். அத்தனை வாரமாக எனக்காக நடந்த ஜெபங்களில் அந்த ஒன்றுதான் எனக்கானது என்று அந்த அவமானத்திலும் எனக்குத் தோன்றியது. அதுவரைக்கும் அவர்கள் இல்லாத ஒருத்திக்காக ஜெபித்திருக்கிறார்கள்.

அண்ணனே என் வேனை ஓட்டினார். பாஸ்டரம்மா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மளமளவென்று வேலை நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா, வயது குறைவு, ஆனால் பேச்சில் நிதானம். சிறுநீர் வெளியே போக வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கிருமியும் சேர்ந்துவிட்டது என்றார். இந்த நிலையில் கல்லில் கை வைக்க மாட்டார்களாம். முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, தேங்கியதை வெளியே எடுக்க வேண்டும், அதையும் இப்போதே செய்ய வேண்டும் என்றார். நான் மலாயில் கேட்டேன், அதன் பிறகு சரியாகிவிடுமா என்று.

அவர் பொய் சொல்லவில்லை. "வழியைத் திறந்துவிடுவோம். சிறுநீரகம் திரும்ப வேலை செய்யுமா என்று அதன் பிறகுதான் தெரியும். செய்யாவிட்டால் டயாலிசிஸ் பேச வேண்டிவரும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எதற்குப் பயந்து இத்தனை நாள் மறைத்தேனோ அது என் கண் முன்னால் நடந்தது. டாக்டர் போன பிறகு "அண்ணே, ஒங்க சாட்சி கெட்டுப்போயிடும்னுதான் சொல்லல," என்றேன்.

அவர் திரும்பி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. குரலில் கோபம் இருந்தது.

"நீ எனக்குக் குடுத்தத நான் தண்ணியும் மருந்துமா கண்ணுல வச்சிப் பாத்துக்கிறேன். நீ ஒனக்குன்னு வச்சிக்கிட்டத நீ பாத்துக்கல. சாட்சி என்னா பெரிய சாட்சி? நீ இல்லாம எனக்கு என்னாத்துக்குப் பாப்பா அது?"

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. அவர் கட்டிலோரத்தில் தலையை வைத்து ஜெபித்தார். பாடல் நடத்துகிறவரின் ஜெபமாக அது இல்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார், அவ்வளவுதான். அது என்ன வாக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குழாயைச் செலுத்தினார்கள். ஒரு அழுத்தம் தெரிந்தது. குழாயின் நுனியில் ஒரு பை மாட்டினார்கள். முதலில் ரத்தமும் சீழும் கலந்து கலங்கலாக வந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. வார்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது அயர்ந்து தூங்கிவிட்டேன்.

விடிந்து கண் விழித்தபோது சேகர் பக்கத்தில் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க?" என்றேன்.

"வருது புஷ்பம்," என்றார். "நிக்காம வருது. நர்ஸ் ஒரு பையக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இது ரெண்டாவது."

நானும் எட்டிப் பார்த்தேன். வெளுத்த மஞ்சள் நிறம். சொட்டுச் சொட்டாக இல்லை, ஓடியது. மனிதருக்குத் தினமும் நடக்கிற காரியம். அதற்காக நான் வாழ்நாளில் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. அன்று காலையில் அந்த வார்டில் படுத்துக்கொண்டு, ஒரு பை மூத்திரத்துக்காக நான் தேம்பித் தேம்பி அழுதேன். கர்த்தர் நல்லவர். எனக்கு வேறு வார்த்தை இல்லை.

அதன் பிறகு ரத்தப் பரிசோதனையில் ஒவ்வொரு நாளும் உப்பு இறங்கியது. மலாய்க்கார டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். என் சிறுநீரகம் எழுந்துகொண்டது. டயாலிசிஸ் என்ற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கல் அப்போதும் உள்ளேதான் இருந்தது. கிருமி முழுதும் அடங்கட்டும் என்று சில வாரம் அந்தக் குழாயோடும் பையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துக் கல்லை உடைக்கலாமே என்று கேட்டேன். உடைந்த துண்டுகள் இறங்கும்போது மறுபடி அடைத்தால், உங்களுக்கு மாற்று வழி கிடையாது என்றார் டாக்டர். பிறகு எனக்கு மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு, லேசரால் கல்லைப் பொடியாக்கி எடுத்தார்கள். வழி சுருங்கிவிடாமல் உள்ளே ஒரு சின்னக் குழாயைக் கொஞ்ச நாள் வைத்திருந்து அதையும் எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டமும் பொறுமையாக, ஒற்றையாக இருக்கிற ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அந்தக் கைகளுக்காகவும் நான் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

ஸ்தோத்திரப் பண்டிகை அந்தக் குழாய் இருந்த நாட்களிலேயே வந்தது. போகவேண்டாம் என்று நினைத்தேன். பாஸ்டரம்மா பைக்கு ஒரு துணி உறை தைத்துக் கொடுத்து, வந்துதான் ஆக வேண்டும் என்றார். அண்ணன் எழுந்தார். வழக்கமான சாட்சியைச் சொன்னார், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. எனக்கு வந்ததை, நான் மறைத்ததை, ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் சொன்னார். "குடுத்தவளுக்குக் கொறைவு வந்துச்சி," என்றார். "வந்தப்ப ஆண்டவர் விட்டுட்டுப் போகல." நான் எழுந்து நின்றேன். யாரும் கை தட்டவில்லை. அழுதார்கள். சாட்சி கெட்டுப்போகவில்லை, சகோதரர்களே. அதுவரை அது பாதிதான் இருந்திருக்கிறது.

இப்போது நான் வேனில் பெரிய தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கிறேன். வழியில் என் வேனில் வரும் பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டில் சொல்லிவைத்து, அவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். முன்பு அப்படிக் கேட்பதற்குச் செத்தாலும் வாய் வந்திருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அண்ணனும் நானும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போகிறோம். காத்திருக்கும் இடத்தில் யார் அதிகம் தண்ணீர் குடித்தது என்று எங்களுக்குள் வம்பு நடக்கும்.

சபையில் ஜெபக் குறிப்புக் கேட்கும் நேரமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. போன மாதம் ஒரு சகோதரி "பலவீனம்" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்றார். திங்கட்கிழமை நான் அவரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சிகிச்சை நடக்கிறது, ஜெபமும் நடக்கிறது. எதற்காக ஜெபிக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்தே நடக்கிறது.

யாருக்கும் தெரியாமல் என்று நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவரை நம்புங்கள். நம்பிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், எந்த இடத்தில், என்ன, எத்தனை நாளாக என்று. கூச்சமாக இருந்தாலும் சொல்லுங்கள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று ஆண்டவருக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருப்பது, உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடியவர்களுக்குத்தான்.